திறந்து பார்த்த குதிகால்

பின்னாலிருந்து யாரோ குதிகாலில் கல்லை விட்டெறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தென்னந்தோப்பில் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. தேங்காய் ஏதும் விழுந்ததோ என்று கீழே தேடினேன், அதுவும் இல்லை. தாண்டி வந்த வாய்க்காலில் தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோப்புக்காரர் அந்தக் கோடியில் மோட்டார் ரூம் வாசலில் நின்றார். இங்கே வாங்க என்று கையைத் தூக்கினேன். மோட்டாரை நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து உள்ளே போய் நிறுத்திவிட்டார்.

அலங்காநல்லூர்ப் பக்கம் நடந்தது இது. அறுபத்தேழு வயதில் அந்த வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டினேன். தாண்டிவிட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். கால் எம்பின நேரத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒரு சத்தம் கேட்டால் அது எதனுடையது என்று என் காதுக்குத் தெரிந்துவிடும். அது மட்டும் தெரியவில்லை.

காது விசயத்தை விளக்காவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் புரியாது. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன், எரிந்துபோன மோட்டாருக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுக்கிற தொழில். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர், எங்களுக்கு என்று ஒரு செண்ட் நிலம் கிடையாது. எங்கள் ஆட்களை வரப்போடு நிறுத்திப் பேசினவர்கள் பிற்பாடு எனக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மோட்டாரைக் காட்டினார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முனையை மோட்டார் மேலே வைத்து, கைப்பிடியைக் காதில் வைப்பேன். பேரிங்கா, காயிலா, தண்ணீர் இறங்கிவிட்டதா, எல்லாம் சொல்லிவிடுவேன். மேலூரிலிருந்து வாடிப்பட்டி வரைக்கும் கேட்டுப் பாருங்கள். பிரிக்காமலே சொல்கிற ஆள் என்றால் அது நான்தான். செல்லூரில் தறிக்கூடங்களுக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்தது, இன்றைக்கு கே.கே. நகரில் மாடி வைத்த வீடு. ஒவ்வொரு செங்கலும் என் காசு.

அந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். மனைவி போய் நாலு வருசம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஒரு தம்பி உண்டு. சிம்மக்கல்லில் கடை வைத்திருக்கிறான், அதே காயில் வேலைதான், நான் கற்றுக்கொடுத்தது. டவுன் பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். பேசிப் பதினோரு வருசம்.

அந்தக் காலோடு நாலு நாள் நடந்தேன். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்தேன். தட்டையாக வைத்து நடக்க முடிந்தது, மாடிப்படிதான் ஏற முடியவில்லை. முன்பாதத்தை ஊன்றினால் கால் மெத்தையில் வைத்த மாதிரி உள்ளே போகும். ஐந்தாம் நாள் செல்லூர்க்காரர் வந்து பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தார். அவர் தறிக்கூடம் வைத்திருக்கும் சௌராஷ்டிரக்காரர், என்னைவிட மூன்று வயது சின்னவர். அவர் தறி மோட்டார்களை முப்பது வருசமாக நான்தான் பார்க்கிறேன். வீட்டில் அவர்கள் பாசையில் பேசுவார், என்னைப் பார்த்தால் ‘அண்ணே’ என்று தமிழுக்கு வந்துவிடுவார்.

எங்கள் தெருவிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, கெண்டைக்காலை ஒரு அமுக்கு அமுக்கினார். நல்ல கால் பாதம் பொசுக்கென்று கீழே அசைந்தது. அடிபட்ட கால் அசையவே இல்லை. ஸ்விட்சைப் போட்டும் ஓடாத மோட்டார் மாதிரி. கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டியிருக்கிற ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது என்றார். மொத்தத்தில் செய்ததும் அந்த ஒரே சோதனைதான். எனக்கு உடனே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது, என் மாதிரி ஆள் என்று.

அப்புறம் உட்கார வைத்து விவரமாகச் சொன்னார். கத்தியே வைக்காமல் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டுப்போட்டு விடலாம். ஆனால் நாலு நாள் நடந்து திரிந்ததில் நுனிகள் விலகிவிட்டன, தைப்பதுதான் நல்லது. தைப்பதில் ரெண்டு முறை. ஒன்று, குதிகாலுக்கு மேலே விரல் நீளத்துக்குத் திறந்து, அறுந்த ரெண்டு நுனியையும் கண்ணால் பார்த்துச் சேர்த்துத் தைப்பது. இன்னொன்று, சின்னதாக ஒரு கீறலும் ஓரங்களில் ஊசி போகிற அளவு துளைகளும் போட்டு, நூலை உள்ளுக்குள்ளேயே ஓட்டி இழுத்துக் கட்டிவிடுவது. வருசம் கழித்துப் பார்த்தால் ரெண்டிலும் பலம் ஏறத்தாழ ஒன்றுதான். சின்னத் துளையில் பக்கத்தில் ஓடும் உணர்ச்சி நரம்பு ஊசியில் மாட்டினால் பாதத்தின் ஓரம் மரத்துப் போகலாம், அதையும் மறைக்காமல் சொன்னார். பெரிதாகத் திறந்தால் புண் ஆறுவது சிரமம். அந்த இடத்தில் தோல் மெலிசு, ரத்தமும் குறைவாகத்தான் வரும். எனக்குச் சர்க்கரை வேறு.

“அதனால ஒங்களுக்குச் சின்னத் துளைதான் அய்யா நல்லது. மறுநாளே வீட்டுக்குப் போயிரலாம்.”

“தொறந்தே பண்ணுங்க,” என்றேன்.

காரணம் கேட்டார். நான் என் தொழிலைச் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கட்டுகிற கட்டு கட்டா, வேலை என்றால் மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்று நீளமாகப் பேசினேன். செல்லூர்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரிக்காமலே சொல்கிற ஆள் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கினவன் இப்படிப் பேசுகிறானே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். டாக்டரம்மா யோசித்துச் சொல்லச் சொன்னார், முடிவு உங்களுடையது என்றார். யோசிக்க ஒன்றுமில்லை என்றேன்.

அவர்களிடம் சொன்னது ஒன்று. எனக்குள் இருந்தது வேறு. அதை இப்போதுதான் சொல்கிறேன்.

என் மாமனாருக்குக் கண் ஆபரேசன் செய்த காலத்தில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் போட்டு வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். சாத்துக்குடியும் பன்னும் வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். பகையாளி வீட்டிலிருந்தும் ஆள் வந்தது, ஆபரேசன் என்றால் வந்துதான் ஆக வேண்டும், பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கும் அது ஒரு வாசல். போன வருசம் எங்கள் தெருவில் ஒருவர் அதே கண் ஆபரேசனுக்குக் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார். எதிர்வீட்டுக்காரருக்கே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. துளை சின்னதாகிவிட்டது, பார்க்க வருகிற சனமும் நின்றுவிட்டது.

ரெண்டு துளைக்கும் ஒரு கீறலுக்கும் என் தம்பி சிம்மக்கல்லிலிருந்து பஸ் ஏறி வருவானா? விரல் நீளத்துக்குத் திறந்து, நாலைந்து நாள் படுக்கையில் கிடந்தால் வருவான். வந்துதான் ஆக வேண்டும். இதுதான் என் கணக்கு.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எழுதிக் கொடுக்க ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். கூட யார் வந்திருக்கிறீர்கள், அட்டெண்டர் யார் என்று கவுண்டரில் இருந்த பெண் மூன்று தடவை கேட்டாள். நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். கூட ஒருவர் போட வேண்டும் என்றாள். செல்லூர்க்காரர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். உறவு என்ற இடத்தில் பேனா நின்றது. என் முகத்தைப் பார்க்காமல் ‘தம்பி’ என்று எழுதினார். எனக்கு நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க நேரமாகும். அந்த ஒரு சொல்லை மட்டும் தலைகீழாக இருந்தும் படித்துவிட்டேன்.

வெளியே வந்து மெதுவாகக் கேட்டார். “அண்ணே, சிம்மக்கல்லுக்கு ஒரு வார்த்தை சொல்லிரவா?”

“வேணாம். அவனுக்கே தெரிய வரும்.”

எதற்கு அப்படிச் சொன்னேன்? வருவதற்காகத்தான் இவ்வளவு பெரிய ஆபரேசனே. ஆனால் நான் சொல்லி அனுப்பி அவன் வந்ததாக இருக்கக் கூடாது. செல்லூரில் காலையில் ஒரு மோட்டார் புகைந்தால் மத்தியானத்துக்குள் சிம்மக்கல்லுக்குத் தெரிந்துவிடும். நான் படுத்த சேதி போகாதா என்ன.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தார்கள். குப்புறத்தான் படுக்க வேண்டும். திறந்து பார்த்தால்தான் ஆச்சு என்று சண்டை போட்டவனுக்குக் கண் முன்னால் பச்சைத் துணி மட்டும்தான். கத்தரிக்கோல் தட்டில் விழுகிற சத்தம், டாக்டரம்மா நூல் கேட்கிற சத்தம், எங்கேயோ ஒரு ஏசி மோட்டார் ஓடுகிற சத்தம். அதில் பேரிங் போகப் போகிறது. முடிந்ததும் அவரிடம் சொன்னேன். சிரித்தார். மூன்றாம் நாள் அந்த ஏசி நின்றுபோனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில் என் வேலை கேட்பது மட்டும்தான். லிப்ட் கதவு திறக்கும், காலடி வரும். நர்ஸ் செருப்பு வேறு, சாப்பாடு கொண்டுவருகிறவர் செருப்பு வேறு. தம்பி இடது செருப்பை லேசாகத் தேய்த்து நடப்பான், சின்னதிலிருந்தே அப்படித்தான். ஒரு சாயந்தரம் அதே மாதிரித் தேய்த்துக்கொண்டு ஒரு நடை வந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அடுத்த ரூமுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கிழவிக்கு இடுப்பு எலும்பு, அவர்கள் வீட்டுச் சனம் நாற்காலி போதாமல் என் ரூமுக்கு வந்து கேட்டு வாங்கிப் போயிற்று. ரெண்டு நாற்காலியையும் கொடுத்துவிட்டேன்.

செல்லூர்க்காரர் மட்டும் காலையும் சாயந்தரமும் தூக்குவாளியோடு வந்தார். தறி ஓடுகிற நேரம், நின்று பேச முடியாது. ஆறாம் நாள் கட்டுப்போட்ட காலோடு வீடு வந்தேன். விரல்கள் தரையைப் பார்க்கிற மாதிரிக் கட்டு. கீழ்த்தளத்திலேயே கட்டில் போட்டுக்கொண்டேன். நான் கட்டின மாடிக்கு நானே போக முடியவில்லை.

டாக்டரம்மா பயந்ததுதான் நடந்தது. தையல் பிரித்த பிறகு நடுவில் ஒரு இடம் கூடவில்லை. வாய் திறந்து நீர் வடிந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் போய்க் கட்டு மாற்ற வேண்டும், சர்க்கரைக்கு ஊசி வேறு. ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று அவர் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் பாட்டுக்குக் குனிந்து புண்ணைத் துடைத்தார்.

அப்படி ஒருநாள் கட்டு மாற்றிவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது செல்லூர்க்காரர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். நான் வேண்டாம் என்றும் கேட்காமல் ஆபரேசனுக்கு மறுநாளே சிம்மக்கல்லுக்குப் போயிருக்கிறார். தம்பி வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறான், ‘அவரு சொல்லச் சொன்னாரா?’ என்று. இவருக்குப் பொய் வராது. இல்லை என்றிருக்கிறார். தம்பி மறுபடியும் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டானாம்.

“ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே. எனக்கு அந்த நேரத்துக்குத் தோணல.”

அவர் மேல் என்ன தப்பு.

பதினோரு வருசத்துக்கு முன்னால் நடந்ததை இனிமேலும் சொல்லாமல் இருக்க முடியாது. அப்போது தம்பி என் கடையில்தான் இருந்தான்; அவன் காயில் கட்டிக்கொடுத்த ஒரு மோட்டார் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது, போட்டதும் நின்றுவிடுகிறது என்று. கொண்டுவந்தவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். தம்பி சொன்னான், காயிலில் ஒன்றுமில்லை, தோட்டத்தில் போய் வயரைப் பார்ப்போம் என்று. நான் காது வைத்துக் கேட்டிருக்கலாம். பத்துப் பேர் பார்க்கிறார்கள், கடைப்பெயர் கெடுகிறது என்ற கோபத்தில் அந்த இடத்திலேயே மூடியைக் கழற்றி, உளியை வைத்து அவன் கட்டின காயிலை வெட்டி எடுத்துவிட்டேன். செம்பு பளபளவென்று இருந்தது. ஒரு கருகல் இல்லை. சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டு, எரிஞ்சு போச்சு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். புதுசாக நானே கட்டி, கொண்டுபோய் மாட்டினேன். அப்போதும் நின்றது. கேபிள் ஜாயிண்டில் தண்ணீர் ஏறியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தம்பி சாக்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். மறுநாள் அவன் வரவில்லை. அவன் ஸ்பானர்கள் மட்டும் ஆணியில் இல்லை.

புண் ஆற ரெண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கட்டைப் பிரித்து ஒரு பூட்ஸ் மாட்டினார்கள், குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி மூன்று தக்கை. ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒற்றைக் காலில் முன்பாதத்தால் எம்பச் சொன்னார். சமையலறைச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு தினமும் எம்பிப் பார்க்கிறேன். குதிகால் ஒரு தீப்பெட்டி உயரம் தூக்கும், நிற்காது. எத்தனை வந்தது என்று கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை, ஆகவே சத்தமாக நானே எண்ணுகிறேன்.

நாலாவது மாதம் ஒருநாள் காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, டவுன் பஸ் ஏறினேன். சிம்மக்கல்லில் இறங்கி மூட்டைகளுக்கு நடுவே நடந்து அவன் கடைக்குப் போனேன். மூன்று படி. நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டேன். தம்பி காயில் சுற்றுகிற கைமெசினில் உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. கை நிற்கவில்லை.

“வாங்க,” என்றான். அண்ணே என்று வரவில்லை. காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினான். சுற்று முடிகிற வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்தினான். என் காலைப் பார்த்தான்.

“துளை போட்டுக் கட்டுனாங்களா, தொறந்தா?”

“தொறந்துதான்.”

“ம். தொறக்காம ஒங்களுக்கு எதுல நம்பிக்கை வந்துச்சு.”

கடையில் வார்னிஷ் வாடை. வழியெல்லாம் எத்தனையோ பேசிப் பழகிக்கொண்டு வந்தேன், என் வீடு, என் பெயர், உன்னை ஆளாக்கினது யார் என்றெல்லாம். அதில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“டாக்டரம்மா தொறக்க வேணாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் கேக்கல,” என்றேன். “அன்னைக்கும் தொறந்திருக்க வேணாம்ப்பா. ஒன் காயில் நல்லாத்தான் இருந்துச்சு. கேபிள்தான் போயிருந்துச்சு.”

அவன் கம்பியின் நுனியை எடுத்து நாடாவில் ஒட்டினான். ஒட்டினதையே மறுபடி ஒரு தடவை அழுத்தினான்.

“தெரியும்,” என்றான். நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, “ஆஸ்பத்திரியில கூட யாரு இருந்தா?”

“செல்லூர்க்காரரு வந்து வந்து போவாரு.”

“மத்த நேரம்?”

“மத்த நேரம் யாரும் இல்ல.”

“ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம்ல,” என்றான் தரையைப் பார்த்து.

அதற்குள் ஒருவர் மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தம்பி எழுந்து அவரைக் கவனித்தான். நான் எழுந்தேன். டீ சொல்லட்டுமா என்று அவன் கேட்கவில்லை, நானும் நிற்கவில்லை. வந்தவர் மோட்டாரை இறக்கி வைத்துவிட்டுச் சாயந்தரம் வருகிறேன் என்று எனக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார். நான் படியை இறங்கும்போது தம்பி மறுபடி மெசினில் உட்கார்ந்திருந்தான். கர்கர் என்று சுற்று ஆரம்பித்தது.

தெருவில் இறங்கி நடந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னால் மெசின் நின்றுவிட்டது. சுற்று முடிந்து நின்ற சத்தம் இல்லை அது, பாதியில் நின்றது. என் காது தப்பாது. நொண்டக் கூடாது என்று குதிகாலை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கி வைத்து நடந்தேன். ஆட்டோ ஒன்று ஆரன் அடித்தது, மூட்டை ஏற்றுகிறவர்கள் ஒதுங்கச் சொன்னார்கள், அதற்கு நடுவிலும் அந்த மெசினுக்காகக் காதை வைத்திருந்தேன். தெரு முக்கு வரைக்கும் அது ஓடவில்லை.

திரும்பிப் பார்க்கவில்லை. முக்கு திரும்பி ஒரு கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் கர்கர் என்று மறுபடி ஆரம்பித்தது. பஸ் வருகிற வரைக்கும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.